முருங்கை மரத்திலிருந்து ஒரு குட்டு

என் அப்பா காக்காவாக வந்து என் தலையில் குட்டினார் என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, சத்தியமாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முருங்கை மரத்தைப் பார்த்து, "அப்பா, இப்ப வேணாம்ப்பா, கொஞ்ச நாள் போவட்டும்ப்பா" என்று கெஞ்சியும் இருக்கிறேன். காக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தது. அப்பாவும் என்னை அப்படித்தான் பார்ப்பார்.

குட்டுவதில் அப்பா கெட்டிக்காரர். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் நடுவில் புகுந்து நக்கலாக எதையாவது சொல்வேன். எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் அவருடைய நடுவிரல் முட்டி என் உச்சந்தலையில் இறங்கியிருக்கும். ஒரு நாள் வேலூர் பஸ்ஸில் இருந்து இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தக் காக்கா விவகாரம் நடந்தபோது எனக்கும் ஐம்பத்திரண்டு.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்றுதான் ஊருக்குள் பேர். வேங்கிக்காலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன். பிரேக் எது, கிளச் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் சிரித்த முகத்தோடு உட்காருகிறவன். ஆனால் அந்த மாதம் ஒரு வீட்டில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. டாக்டர் கேட்டார், பார்த்தார், "டிரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாம்" என்றார். நாளும் குறித்தார்கள். "ஓடற பெல்ட்டு மேல நடக்கணும், அவ்ளோதான்" என்று வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்தது வாய் மட்டும்தான். படுத்தால் காதுக்குள் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் வீட்டைச் சுற்றித் தோட்டம் என்று சொல்லும் அளவுக்கு இடம் உண்டு. முருங்கை, கொய்யா, பப்பாளி, மதிலோரம் செம்பருத்தி. இதில் வந்து போகிறவர்கள்தான் அதிகம். தேன்சிட்டு ஒன்று என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் இன்னொரு தேன்சிட்டோடு காலையில் இருந்து சண்டை போடும். என் மனைவி பாவப்பட்டு அந்தக் கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டிவிட்டாள். அது இந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வந்து இங்கிருந்த எதிரியோடு சண்டையைத் தொடர்ந்தது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம், "எங்க தெருவுல மிரர் பாக்கற ஒரே ஆளு அதுதான்" என்று சொல்வேன். தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். யார் சொல்வதையும் யாரும் கேட்காது. எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கடைக்குப் போனால் இப்படித்தான் இருக்கும்.

காக்காதான் இவர்களில் பெரிய ஆள். என் மனைவி சுடும் முறுக்கை நான் கல் என்று சொன்னால் இரண்டு நாள் பேசமாட்டாள். காக்கா அதே முறுக்கைத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, கால் மாற்றி நின்று காத்திருந்து, ஊறியதும் எடுத்துத் தின்னும். அதைப் பார்த்து மட்டும் சிரிப்பாள். மீதி இட்லியைப் பூந்தொட்டிக்குள் வைத்து மேலே ஒரு சருகை எடுத்து மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்க்கும். நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

தினமும் சோறு வடித்ததும் முதல் பிடி மதில்மேல் அப்பாவுக்கு. "கா... கா..." என்று கூப்பிடுவது என் வேலை. எப்போதும் முதலில் வருவது அந்த முறுக்குக் காக்காதான். இடது சிறகில் ஓர் இறகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அடையாளம் தெரியும். "உங்க அப்பா வந்துட்டாரு பாருங்க" என்பாள் என் மனைவி. விளையாட்டாகத்தான் அப்படிச் சொல்ல ஆரம்பித்தோம்.

டெஸ்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. ஸ்கூல் காரை ராத்திரி என் வீட்டு வாசலில்தான் நிறுத்துவேன். காலையில் துடைத்து எடுத்துப்போக வேண்டும். அன்றும் சோறு வைத்து, காக்காவைக் கூப்பிட்டு, அது தின்பதைப் பார்த்துவிட்டு, துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தைத் தாண்டினேன். துணி புதிது. புதிது என்றால் துடைக்கப் புதிது. கறுப்பு போட்டால் தொப்பை தெரியாது என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிய டி-ஷர்ட். தொப்பை தெரிந்தது, ஒரே சலவையில் சட்டைதான் சுருங்கியது. அதனால் கார் துடைக்க வந்துவிட்டது.

உச்சந்தலையில் 'ணங்' என்று ஒன்று விழுந்தது.

தேங்காய் மட்டை விழுந்ததோ என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் தென்னை மரமே இல்லை. முருங்கைக் கிளையில் அந்தக் காக்கா. நீட்டிய இறகு. அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளையில் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்பா குட்டி முடித்ததும் விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வாரே, அதே மாதிரி.

உள்ளே வந்தேன். 

"இன்னா ஆச்சு? ஏன் இப்பிடி வேர்த்துகினு வரீங்க?"

"அப்பா குட்டிட்டாரு."

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு என் தலையைத் தடவிப் பார்த்தாள். "ரத்தம்லாம் வரல. நீங்க எதுனா நக்கல் பண்ணீங்களா?"

"சோறு வெச்சேன். அவ்ளோதான்."

"அப்ப ருசி பத்தலயோ இன்னாவோ" என்றாள். அந்த வீட்டில் நான் ஒருவன்தான் ஜோக்கடிக்கிறவன் என்று நினைத்திருந்தேன்.

மறுநாளும் அதே இடத்தில் அதே குட்டு. அதற்கு அடுத்த நாள் நான் ஹெல்மெட்டோடுதான் வெளியே போனேன். கண்ணாடியைத் தூக்கிக் கெஞ்சியது அப்போதுதான். ஹெல்மெட்மேல் இரண்டு முறை 'டொக், டொக்'. அப்படியே காரில் ஏறிப் போய்விட்டேன். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த அம்மா என்னைப் பார்த்து முகம் வாடிப்போய், "சார், நான் அவ்ளோ மோசமாவா ஓட்டறேன்?" என்று கேட்ட பிறகுதான் தலையில் ஹெல்மெட் இருப்பது எனக்கே தெரிந்தது.

கூட வேலை செய்யும் நண்பனிடம் சொன்னேன். அவன் என் தலையை உற்றுப் பார்த்தான். "மச்சான், இப்பதான டை அடிச்ச? சொந்தக்காரன் எவனோ நிக்கறான்னு நெனச்சி ஆசீர்வாதம் பண்ணியிருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களைவிட ஜாஸ்தியாகவே சிரித்தேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.

அடி அண்ணாமலையில் என் அக்கா இருக்கிறாள். கிரிவலப் பாதையில் டீக்கடை. பௌர்ணமி வந்தால் அவளுக்குப் பேச நேரம் இருக்காது, மற்ற நாளில் பேச்சை நிறுத்த நேரம் இருக்காது. போன் போட்டுச் சொன்னேன்.

"தலையிலயாடா தம்பி தட்டுச்சு? தோள் மேல படலியா?"

"தலையிலதான்க்கா."

அக்கா டீ அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.  

"அப்பாவுக்குக் கூட, போறதுக்கு முன்னால..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"இன்னாக்கா? சொல்லு."

"ஒண்ணும் இல்லடா."

"அக்கா!"

"ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல. சனி புடிச்சிருக்கு உனக்கு. சனிக்கெழம எள்ளு தீபம் போடு. கறுப்புத் துணி ஒரு மீட்டர் வாங்கினு போயி சனீஸ்வரனுக்குச் சாத்து. அதுவரைக்கும் புதுசா எதையும் ஆரம்பிக்காத, சொல்லிட்டேன்."

நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு டெஸ்டைத் தள்ளிவைத்தேன்.

"டெஸ்டு இன்னா புதுசா ஆரம்பிக்கறதா?" என்றாள் என் மனைவி. "நெஞ்சு பழசுதான?"

"நேரம் சரியில்லன்னு அக்கா சொல்றா."

"நேரத்துக்கு இன்னா, அது நல்லாதான் ஓடுது. நீங்க டெஸ்டுக்குப் பயந்துகினு அத காக்கா தலையில கட்டறீங்க. உங்க அப்பா அன்னிக்கு பஸ் ஏறாம டாக்டர்கிட்ட போயிருந்தா..." மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

சனிக்கிழமை வந்தது. குளித்து, விபூதி பூசி, எள் பொட்டலத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, கறுப்புத் துணியை இன்னொரு கையில் மடித்துப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். முருங்கை மரத்தில் இருந்து ஒரு குரல் கிளம்பியது. வழக்கமான 'கா' இல்லை, தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கத்தல். உடனே பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க், கரண்டுக் கம்பி, எதிர் வீட்டு வேப்பமரம் என்று எல்லா இடத்தில் இருந்தும் பதில் வந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வானம் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மதில்மேல் நின்றிருந்த மயில்கூட இறங்கி நடையைக் கட்டியது.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், நெஞ்சு சரியில்லாதவன், வேட்டி தடுக்க, காரைச் சுற்றி ஓடினேன். டாக்டர் பார்த்திருந்தால் டிரெட்மில்லே வேண்டாம், இதுவே போதும் என்றிருப்பார். கதவைத் திறந்து உள்ளே விழுந்து கண்ணாடிகளை ஏற்றினேன். பானெட்மேல் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். மனைவிக்குப் போன் போட்டேன்.

"வெளிய வராத. என்னத் தூக்கினு போவ எல்லாரும் வந்துட்டாங்க."

"சரி, நீங்களும் உள்ள வராதீங்க" என்றாள். "வீடு மொழுகிட்டு இருக்கேன்."

துணியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். கோயிலில் தீபம் போட்டேன், துணியைச் சாத்தினேன், ஒன்பது கிரகத்தையும் சுற்றினேன். மலையைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டேன், யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். மரத்தில் காக்கா இருந்தது. முணுமுணுத்தது, ஆனால் கிட்டே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் லீவு, கார் துடைக்கவில்லை. அன்றும் குட்டு விழவில்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் மீசையை முறுக்கினேன். டெஸ்டுக்கு மறுபடி நாள் வாங்கச் சொன்னாள், வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை கார் துடைக்கப் போனவனுக்கு ஒன்றல்ல, மூன்று குட்டு. டெஸ்டை மறுபடி தள்ளிவைத்தேன். இந்தத் தடவை என் மனைவி சண்டை போடவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவளும் பயப்படுகிறாள் என்று தெரிந்ததும் மறுபடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"இனிமே ஒரே வழிதான்டா" என்றாள் அக்கா. "நீ போயிட்டன்னு யாருக்குனா சேதி சொல்லணும். கேக்கறவங்க நெஜமா அழணும். அழுதுட்டாங்கன்னா அந்தக் கண்டம் அதோட கழிஞ்சிரும். அப்புறம் இல்லன்னு சொல்லிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்கும் தெரியும். யாரை அழவைப்பது என்பதுதான் கேள்வி. என் நண்பனின் நம்பரைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா திரும்பப் போன் போட்டாள்.

"சொன்னேன்டா. 'அப்பிடியாக்கா? ரெண்டு மணி கிளாசுக்கு அவன் வருவானா மாட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க'ன்றான்."

அவனைக் குறை சொல்ல முடியாது. பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லி லீவு எடுத்து, சாயங்காலம் கையில் பஜ்ஜியோடு அவனிடமே மாட்டியவன் நான். ஒரு சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "நல்லா விசாரி, அவனே உன்கிட்ட குரல் மாத்திப் பேசியிருப்பான்" என்றாராம். வாழ்நாள் முழுக்க எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டேன். இப்போது உயிருக்கு ஆபத்து என்று ஒரு சொட்டுக் கண்ணீர் கேட்டால் கடன் கொடுக்க ஆள் இல்லை.

"யாரும் அழ மாட்றாங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் குரல் திடீரென்று உடைந்தது. போனிலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

"நீ எதுக்குக்கா அழற? நான்தான் உன்கூட பேசினு இருக்கேனே?"

"என் வாயால சொல்லிட்டேனேடா. என் தம்பி போயிட்டான்னு என் வாயாலயே சொல்லிட்டேனே..."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் நான் வெளியே போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நாறுகிறது என்று என் கார் துடைக்கும் டி-ஷர்ட்டையும் வாளியில் போட்டிருந்தாள். அதைப் பிழிந்து ஓர் உதறு உதறினாள். முருங்கையில் இருந்து அதே கத்தல். காக்கா அவள் காதை உரசிக்கொண்டு போனது. "ஐயோ!" என்று துணியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தாள்.

 அப்பா மருமகளையும் விடமாட்டாரா?

ஆனால் காக்காக்கள் அவளைப் பார்க்கவில்லை. மதில்மேலும் கொய்யாவின்மேலும் கொடிக்கம்பியின்மேலும் வந்து இறங்கி, தரையில் கிடந்த டி-ஷர்ட்டைச் சுற்றி நின்று கத்தின. ஒன்றும் கிட்டே போகவில்லை. என் மனைவி இடுப்பில் கை வைத்து அந்தக் கூட்டத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. ஹெல்மெட்டு வேணாம், சும்மா வாங்க. கரண்டுக் கம்பியில அடிபட்டு ஒரு காக்கா செத்து வுழுந்துச்சின்னா மத்த காக்காலாம் இன்னா பண்ணும்?"

"ஊரையே கூட்டி வெச்சிக் கத்தும்."

"இப்ப இன்னா பண்ணுதுங்க?"

பார்த்தேன். ஈரத்தில் சுருண்டு கிடந்தது கறுப்பு டி-ஷர்ட். இரண்டு கையும் இரண்டு பக்கம் விரிந்து, றெக்கை மாதிரி.

அவள் ஒரு குச்சியால் அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். சத்தம் மெல்ல அடங்கியது. திரும்ப வெளியே நீட்டினாள், கிளம்பியது. உள்ளே இழுத்தாள், அடங்கியது. மஞ்சள் துண்டை எடுத்துவந்து உதறினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேன்சிட்டு மட்டும் ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுங்க உங்களக் கூட்டினு போவ வரல" என்றாள். "உங்க கையில இருந்து அதுங்க ஆளோட பொணத்த வாங்க வந்திருக்குங்க."

யோசித்துப் பார்த்தால் காக்காவின் பக்கம் நியாயம் இருக்கிறது. காலையில் அன்பாகக் கூப்பிட்டுச் சோறு போடுகிற ஓர் ஆள், கொஞ்ச நேரம் கழித்து உங்கள் வீட்டுப் பிணம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை வைத்தே கார் துடைக்கிறான். நீங்களாக இருந்தால் குட்டோடு விட்டிருப்பீர்களா? பரிகாரத்துக்கு என்று நான் புத்தம்புதிதாக இன்னொரு பிணம் வேறு, ஒரு மீட்டர் அளவில், வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். என் சாவுச் செய்திக்கு என் ஊரில் அக்காவைத் தவிர ஒருவரும் அழவில்லை. என் கார் துடைக்கும் துணிக்கு வேங்கிக்காலே திரண்டு அழுதது.

சிரித்தோம். சிரித்து முடித்ததும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப டெஸ்டுக்குப் போலாமா? இல்ல, மயிலு எதுனா சொல்லணுமா?" என்றாள்.

சாக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. காக்கா போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. இத்தனை நாள் அதை மரத்தில் உட்காரவைத்திருந்தேன், இப்போது திரும்பவும் நெஞ்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் மார்பு முழுக்க ஒயர் ஒட்டினார்கள். பெல்ட் நகர ஆரம்பித்தது. "மல சுத்துவீங்க இல்ல சார், அப்பிடி நெனச்சி நடங்க" என்றார் நர்ஸ் அம்மா. மலை சுற்றினால் மலையாவது நகரும். இங்கே எதிரில் இருந்தது ஒரு சுவர். வேகத்தைக் கூட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் கண் முன்னால் வந்தது. கதவோரம் நின்றிருந்த என் மனைவி என் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பெல்ட் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கத் தோன்றவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "அடைப்பு இருக்கற மாதிரி எதுவும் தெரியல. பிரஷர்தான் ஜாஸ்தி. மாத்திர எழுதறேன், உப்ப கம்மி பண்ணுங்க" என்றார். என் மனைவி அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எள் தீபம்தான் காப்பாற்றியது என்று அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் அழுதது பெரிய விஷயம், அதனால் நான் மறுத்துப் பேசுவதில்லை. காக்கா என் முகத்தை மறக்க ரொம்ப நாள் ஆனது. கார் துடைக்க இப்போது மஞ்சள் துண்டோடு போனாலும் கிளையில் இருந்தபடியே திட்டும். ஆனால் சோறு வைத்தால் முதல் ஆளாக வரும், உப்பில்லாத என் முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்னும்.

என் கையில் இருந்தது ஒரு கறுப்பு டி-ஷர்ட். காக்கா அதைச் செத்த காக்கா என்று நினைத்து என்னை அடித்தது. துடைக்கும் துணி மஞ்சள் துண்டாக மாறிய நாளில் இருந்து அடிக்கவில்லை.